ஊருணி வறண்டதா, வரத்துக்கால் அடைபட்டதா? கேலக்ஸிகளில் விண்மீன் பிறப்பு ஓயும் விதம்

ஏப்ரல் முதல் வாரம், இரவு ஒன்பது மணிவாக்கில் காரைக்குடி மொட்டைமாடியிலிருந்து 6 அங்குலத் தொலைநோக்கியை வடக்கே திருப்பினால், அடிவானுக்கு 30 பாகை மேலே எம்82 என்னும் கேலக்ஸி (விண்மீன்களும் வாயுவும் சேர்ந்த பெருந்தொகுதி) சுருட்டுபோலத் தெரியும். நள்ளிரவில் இன்னொரு கேலக்ஸியான எம்87, மங்கலான பஞ்சுருண்டையாக, ஏறக்குறைய உச்சிக்கு நேரே வந்துவிடும். முதலாவதில் ஆண்டுக்குச் சுமார் 10 சூரிய நிறைக்கு விண்மீன்கள் பிறக்கின்றன. இரண்டாவதில் பிறப்பு அநேகமாக ஓய்ந்துவிட்டது. ஓயவைப்பது எது?

ஊருணிக் கணக்கில் சொன்னால் மூன்று வழி: நீரை இறைத்துக் கொட்டுவது, வரத்துக்காலை அடைப்பது, நீர் கிடந்தும் கலங்கலாகவே இருப்பது.

இறைப்பது சூப்பர்நோவா, அதாவது பெரிய விண்மீன் சாகும்போது வெடிக்கும் வெடிப்பு. 100 சூரிய நிறைக்கு விண்மீன் பிறந்தால் ஏறத்தாழ ஒன்று வெடிக்கும். முதல் வெடிப்புக்குச் சில பத்து லட்சம் ஆண்டுகளே போதும். எம்82-இன் தட்டுக்கு மேலும் கீழும் ஹைட்ரஜன் இழைகள் பீறிடுவதை 1963-லேயே பதிவு செய்தார்கள். ஆனால் தப்பிப்போவது பெரும்பாலும் சூடான வாயு. விண்மீனுக்கு மூலப்பொருளான குளிர்ந்த வாயுவில் பெரும்பகுதி வேகம் போதாமல் திரும்ப விழுகிறது. குட்டிக் கேலக்ஸியைக் காலிசெய்ய இது போதும், பெரியதற்குப் போதாது.

அடைப்பது கருந்துளை. எம்87-இன் நடுவில் இருப்பது 650 கோடி சூரிய நிறை. அதன் அருகிலிருந்து பீறிடும் தாரைகள் சுற்றியுள்ள கோடிப் பாகை வாயுவைக் குளிரவிடாமல் வைத்திருக்கின்றன. ஓய்ந்த கேலக்ஸி ஓய்ந்தே கிடப்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் இல்லை. திடீர் நிறுத்தத்துக்கு மட்டும் பொருந்தாது: வரத்து நின்றாலும், சாதாரண வேகத்தில் தேங்கிய வாயு தீர 200 கோடி ஆண்டு ஆகும்.

கலங்கல்தான் பலர் கவனிக்காதது. கேலக்ஸியின் ஒளியைப் பிரித்த நிறமாலையில், சுமார் 100 கோடி ஆண்டே வாழும் ஏ வகை விண்மீன்களின் ஹைட்ரஜன் உட்கவர் கோடுகள் (ஒளி உறிஞ்சப்பட்ட இருண்ட கோடுகள்) ஆழமாக இருந்து, புது விண்மீன்களைச் சுற்றிய வாயு தரும் பிரகாசமான உமிழ்கோடுகள் இல்லையென்றால், பிறப்பு நின்று 100 கோடி ஆண்டுக்குள்தான் ஆகிறது. அப்படிப்பட்ட 32 கேலக்ஸிகளை 2015-இல் கார்பன் மோனாக்சைடு அலைவரிசையில் பார்த்தபோது 17-இல் மூலக்கூறு வாயு, அதாவது விண்மீனுக்கு மூலப்பொருளான குளிர்ந்த வாயு, சிக்கியது. சரக்கு இருக்கிறது, ஆனால் கொந்தளிப்பில் அடர்ந்து திரளவில்லை. ஆகவே நிறுத்துவதற்கும் நிறுத்தியே வைப்பதற்கும் தனித்தனிக் காரணம் தேடுவதே சரி.

ஒரு எச்சரிக்கை: உமிழ்கோடு இல்லை என்பதை மட்டும் நம்பினால் ஏமாறலாம். தூசி அடர்ந்திருந்தால் உள்ளே பிறக்கும் விண்மீன் ஒளி வெளியே வராது. அந்தத் தூசி சூடாகி ஒளிரும் தொலை அகச்சிவப்பிலும் பார்த்த பிறகே ஓய்ந்தது என்று எழுத வேண்டும்.