டென்னிஸ் ஃபோர்ஹேண்ட் பிடி: ஈஸ்டர்னா, செமி-வெஸ்டர்னா?

உள்ளங்கை பந்தைப் பார்க்க அடிப்பது ஃபோர்ஹேண்ட். முதலில் அதற்கான பிடியைச் சரிபாருங்கள். மட்டையை விளிம்பு மேலே தெரியும்படி பிடித்தால் கைப்பிடியில் எட்டுப் பட்டைகள். மேல்பட்டை 1, அங்கிருந்து வலப்பக்கமாக எண்ணுங்கள். வலக்கையரின் ஆள்காட்டி விரல் அடிமுட்டி 3-இல் இருந்தால் ஈஸ்டர்ன், 4-இல் இருந்தால் செமி-வெஸ்டர்ன். பிரபல வீரர்களில் ஃபெடரர், டெல் போட்ரோ முதல் வகைக்குப் பக்கம், நடால் இரண்டாவது.

பந்தின் உயரம்
ஈஸ்டர்ன்: இடுப்பளவில் சுகம். நெஞ்சுக்கு வந்தால் திணறல்.
செமி-வெஸ்டர்ன்: நெஞ்சுப் பந்துக்கென்றே அமைந்தது. முழங்காலுக்குக் கீழே சிரமம்.

மதுரையில் இதுதான் முக்கியம். சித்திரை வெயிலில் சூடேறிய பந்து சிமெண்ட் தரையில் நன்றாகவே எகிறும். ஈஸ்டர்ன்காரர் பின்னுக்குப் போயே களைத்துவிடுவார்.

சுழற்சி
ஈஸ்டர்ன்: தட்டையாக, வேகமாகப் போகும்.
செமி-வெஸ்டர்ன்: மட்டை கீழிருந்து மேலேறுவதால் டாப்ஸ்பின் (பந்து முன்னோக்கி உருளும் சுழற்சி) எளிது. வலைக்கு நன்றாக மேலே அடித்தாலும் பந்து கோட்டுக்குள் இறங்கும்.

தவறும் இடம்
செமி-வெஸ்டர்னில் பந்தை உடம்புக்கு இன்னும் முன்னால் சந்திக்க வேண்டும். தாமதித்தால் மட்டையின் முகம் தரையைப் பார்க்கும், பந்து வலைக்குள். பலர் மணிக்கட்டைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் தோள் திரும்பாததே காரணம். தோள் திரும்பும்வரை இடக்கையை மட்டையின் கழுத்திலிருந்து எடுக்காதீர்கள்.

வலையருகே
இங்கே தரையில் படும் முன்பே பந்தை அடிக்க, அடிமுட்டி 2-இல் இருக்கும் காண்டினென்டல் பிடி வேண்டும். அதற்கு மாற ஈஸ்டர்னிலிருந்து ஒரு பட்டை, செமி-வெஸ்டர்னிலிருந்து இரண்டு.

போட்டிக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு செமி-வெஸ்டர்ன். நாற்பதுக்கு மேல் தொடங்கி, இரட்டையர் ஆடி வலைக்கு ஓடுபவருக்கு ஈஸ்டர்ன் போதும். எதுவானாலும் வியர்வைக்கு ஓவர்கிரிப்பை (கைப்பிடி மேல் சுற்றும் நாடாவை) அடிக்கடி மாற்றுங்கள். வழுக்கினால் பட்டைக் கணக்கே தப்பிவிடும்.