ஆயில் தின்னும் பாக்டீரியா பவுடர்: மூன்று மாதம் போட்டுப் பார்த்தேன்

பொள்ளாச்சி பக்கம் டிராக்டர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். இருபது வருசமாக ஷெட்டுக்குப் பின்னால்தான் ஆயில் மாற்றுவது. கேனில் பிடித்தாலும் சிந்துவது சிந்தத்தான் செய்யும். போன மழையில் அங்கிருந்து வழிந்த தண்ணீர் வானவில் கலரில் பக்கத்துத் தோப்புக்குள் போய்விட்டது. "ஏனுங், என்ற தென்னை செத்தா நீங்க நட்டுக் குடுப்பீங்களா?" என்றார் தோட்டத்துக்காரர். அதற்காக வாங்கியதுதான் இந்தப் பவுடர். கிலோ 1,200 ரூபாய், 2 கிலோ.

பார்க்கத் தவிடு மாதிரி, புளித்த மாவு வாசம். விற்றவர் போனில் விஞ்ஞானி ஆனந்த சக்கரவர்த்தி கதையெல்லாம் சொன்னார். எண்ணெய் தின்ன சக்கரவர்த்தி லேபில் உருவாக்கிய பாக்டீரியாவுக்கு 1980ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே காப்புரிமை தரலாம் என்றது நிஜம்தான். ஆனால் இந்தப் பாக்கெட்டில் இருப்பது சாதாரண மண்ணில் கிடைக்கிற சூடோமோனாஸ் வகை பாக்டீரியா. "15 நாளில் மண் பழையபடி" என்றதும் சும்மா.

எனக்கும் சந்தேகம், அதனால் இடத்தை இரண்டாகப் பிரித்தேன். ஒரு பாதியில் பவுடர், யூரியா, சூப்பர் பாஸ்பேட். மறு பாதியில் பவுடர் இல்லாமல் உரமும் மாட்டுச் சாணமும். எண்ணெயில் கார்பன் மட்டும்தான் ஏராளம். தழைச்சத்தும் மணிச்சத்தும் நாம் கொடுத்தால்தான் பாக்டீரியா பெருகும். காற்றும் வேண்டும், வாரம் ஒருமுறை மம்பட்டியால் கொத்திப் புரட்டினேன். ஈரம் புட்டு மாவுப் பதம்: பிடித்தால் பிடியணும், உதிர்த்தால் உதிரணும். குளோரின் தண்ணீர் ஊற்றாதீர்கள், போர்த் தண்ணீர்தான்.

ஒரு மாதம் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் மாதம் ஒரு பிடி மண்ணை டம்ளர் தண்ணீரில் போட்டால், இரண்டு பாதியிலும் மேலே படலம் லேசாகத்தான் மிதந்தது. தட்டைப்பயறு பத்துப் பத்து ஊன்றினேன். பவுடர் பக்கம் 7 முளைத்தது, சாணம் பக்கம் 6. இந்த ஒரு முளைக்கா 2,400 ரூபாய்? எண்ணெய் பட்டுப் பழகிய மண்ணில் அதைத் தின்கிற பாக்டீரியா முன்னமே இருக்கும், சாப்பாட்டுக்குத் துணைதான் இருக்காது. 1989ல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் கொட்டிய எண்ணெய்க்கும் கரையில் உரம்தான் போட்டார்கள்.

பவுடர் மோசமில்லை, ஐந்துக்கு இரண்டரை தருவேன். தார் மாதிரி இறுகிய கட்டிகளை மட்டும் எதுவும் தொடவில்லை. பொறுக்கிச் சாக்கில் கட்டி வைத்திருக்கிறேன். பழைய ஆயிலில் வருகிற ஈயம், துத்தநாகத்தையும் பாக்டீரியா தின்று தீர்க்காது.

பயறுச் செடியைத் தோட்டத்துக்காரரிடம் காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டு, "காய் புடிச்சா நீங்களே தின்னுங்க" என்று போய்விட்டார்.