காந்தத்தின் மேல் மிதக்கும் பம்பரம்: வாங்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பம்பரம் முதல் முறை மிதப்பதற்கு எனக்கு மூன்று நாள் ஆனது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெட்டியைத் திறந்த பத்தாவது நிமிடம் மிதக்கும் என்று நம்பி வாங்குபவர்கள்தான் இரண்டாம் நாளே இதை அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிடுகிறார்கள். பொறுமையாக உட்கார நேரம் இருக்கிறது என்றால் தாராளமாக வாங்குங்கள். என்னிடம் இருக்கும் பொருள்களில் இந்த அளவு சந்தோஷம் தந்தது வேறு எதுவும் இல்லை.

பெட்டிக்குள் இருப்பது கொஞ்சம்தான். கனமான ஒரு தளக் காந்தம், நடுவில் வளையக் காந்தம் பொருத்திய சின்னப் பம்பரம், எடை கூட்டவும் குறைக்கவும் பித்தளை வாஷர்களும் ரப்பர் வளையங்களும், மெல்லிய பிளாஸ்டிக் தட்டு ஒன்று. பேட்டரி கிடையாது, ஒயர் கிடையாது. தட்டைத் தளத்தின் மேல் வைத்து, அதன் நடுவில் பம்பரத்தை விரல்களால் சுழற்றிவிட்டு, தட்டை இரண்டு கையாலும் மெதுவாகத் தூக்க வேண்டும். சரியான உயரம் வந்ததும் பம்பரம் தட்டை விட்டுத் தானே எழும்பும், அப்போது தட்டைக் கீழே இறக்கி உருவி எடுத்துவிடலாம். தளத்துக்கு மேல் ஏறக்குறைய 3 செ.மீ. உயரத்தில் பம்பரம் எதையும் தொடாமல் நின்று சுழலும். ஆணி ஊன்றிய இடத்தில் பம்பரம் அசையாமல் தூங்குவதை எல்லோரும் பார்த்திருப்போம், இது காற்றிலேயே தூங்குகிறது.

சிரமம் எல்லாம் அதற்கு முன்னால்தான். தட்டின் மேல் வைத்துச் சுழற்றும்போது தளக் காந்தம் பம்பரத்தைக் கவிழ்க்கப் பார்க்கிறது, விரலில் வேகம் போதாவிட்டால் அடுத்த நொடியே சாய்ந்து படாரென்று ஒட்டிக்கொள்கிறது. இந்தச் சுழற்றும் பழக்கம் வருவதற்கே ஒரு நாள் போய்விடும். அப்புறம் எடை. பம்பரம் தட்டை விட்டு எழும்பவே இல்லையென்றால் எடை அதிகம், மேலே துள்ளி ஓரமாகப் பறந்தால் எடை குறைவு. மொத்தமே சுமார் 20 கிராம் இருக்கும் பொருளில் மிகச் சின்ன ரப்பர் வளையம் ஒன்றுகூட மிதப்பதா விழுவதா என்பதைத் தீர்மானித்துவிடும். ஒவ்வொரு முறையும் ஒரே பக்கமாகச் சரிந்தால் தளத்தில் அந்தப் பக்கத்துக் காலைக் கொஞ்சம் உயர்த்த வேண்டும். இவ்வளவையும் சரி செய்து இரவில் அருமையாக மிதந்த பம்பரம் மறுநாள் மதியம் எழும்ப மறுக்கும். பொருளில் குறை எதுவும் இல்லை, வெப்பம்தான் காரணம். இதில் இருப்பது பெர்ரைட் என்ற, பீங்கான் போன்ற காந்தம், ஒவ்வொரு டிகிரி வெப்பம் ஏறும்போதும் சுமார் 0.2 சதவீதம் வலு இழக்கும், இங்கே தளத்திலும் காந்தம், பம்பரத்திலும் காந்தம், ஆகவே தூக்கும் விசை அதைப் போல் இரண்டு மடங்கு குறைகிறது. வெயில் ஏறினால் எடையைக் குறைக்க வேண்டும், குளிர்ந்தால் கூட்ட வேண்டும். என் பெட்டியில் இருந்த குறிப்புத்தாள் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டது, அதைப் பெரிய எழுத்தில் முதல் பக்கத்திலேயே போட்டிருக்க வேண்டும்.

மிதந்த பிறகு சுமார் இரண்டு நிமிடம் நிற்கும். காற்றின் உராய்வில் வேகம் குறைந்து, நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,000 சுற்றுக்குக் கீழே வந்ததும் தலை ஆடத் தொடங்கி விழுந்துவிடும். இரண்டு நிமிடம்தானா என்று தோன்றலாம். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் அது நீண்ட நேரம்.

ஏன் மிதக்கிறது என்பதில்தான் என் மனம் அதிகம் போனது. நிலையான காந்தங்களை எப்படி அடுக்கினாலும் ஒன்றை இன்னொன்றின் மேல் நிலையாக மிதக்க வைக்க முடியாது என்று ஆங்கிலேயக் கணித அறிஞர் சாமுவேல் எர்ன்ஷா 1842-ல் வெளியான கட்டுரையில் நிறுவிவிட்டார். சுழற்சி பம்பரம் கவிழாமல் தடுக்கிறது, அவ்வளவுதான் என்று பலரும் விளக்குவார்கள். அது பாதிதான். அச்சு எப்போதும் செங்குத்தாகவே நின்றுவிட்டால் எர்ன்ஷா சொன்ன தடை அப்படியே இருக்கும், பம்பரம் பக்கவாட்டில் நழுவிவிடும். உண்மையில் பம்பரம் சற்றே நகர்ந்தாலும் அதன் தலை மெல்ல வட்டமிட்டபடி அந்த இடத்துக் காந்தப்புலத்தின் திசைக்கே சாய்ந்துகொள்கிறது, அந்தச் சாய்வுதான் அதை நடுவுக்குத் திரும்பக் கொண்டுவருகிறது. அதனால் மெதுவாகச் சுழன்றாலும் விழும், அளவுக்கு மீறி வேகமாகச் சுழன்றாலும் விழும். இயற்பியலாளர் மைக்கேல் பெர்ரி 1996-லும், சைமன், ஹெஃப்ளிங்கர், ரிட்ஜ்வே மூவரும் 1997-லும் இதைக் கணக்குப் போட்டு விளக்கினார்கள். நியூட்ரான்களைக் காந்தப்புலத்தில் பிடித்து வைப்பதும் இதே கணக்குதான். பெர்ரியும் ஆந்த்ரே கைமும் காந்தத்தால் தவளையை மிதக்க வைத்ததற்காக 2000-ல் இக் நோபல் என்ற வேடிக்கை அறிவியல் பரிசு பெற்றதும் இந்தத் தொடர்ச்சியில் வருவதுதான்.

அந்த விளக்கத்துக்குப் பல வருடம் முன்பே, முடியாது என்று சொல்லப்பட்டதைச் செய்து காட்டியவர் ஒருவர் இருக்கிறார். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்துக்காரர், ராய் ஹாரிகன். 1970-களில் கண்டுபிடித்தார், 1983 மே 3-ல் 4,382,245 என்ற எண்ணில் காப்புரிமை பெற்றார். அவருடைய தளம் கிண்ணம் போலக் குழிந்தது. 1984-ல் அவரைச் சாராமல் இன்னொருவர் தட்டையான தளத்திலேயே மிதக்க வைத்தார், அது 1991-ல் அச்சில் வந்தது. 1993-ல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தின் எட்வர்ட் ஹோன்ஸ் ஹாரிகனின் கண்டுபிடிப்பை ஆராய்ந்தார். 1995-ல் எட்வர்டுக்கும் அவர் மகன் வில்லியம் ஹோன்ஸுக்கும் 5,404,062 என்ற காப்புரிமை கிடைத்தது. உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்த லெவிட்ரான் இந்த இரண்டாம் காப்புரிமையின் வழியில் வந்த பொம்மை.

இணையத்தில் இந்தக் கதை ஆளுக்கு ஒரு விதமாக எழுதப்படுகிறது. சிலர் 1990-களில் ஆரம்பித்து ஹாரிகனை ஓர் ஓரத்தில் வைக்கிறார்கள், சிலர் எல்லாமே அவரிடமிருந்து பறிக்கப்பட்டது என்று எழுதுகிறார்கள். இந்தப் பம்பரத்தை விற்பதில் மோதிக்கொண்டவர்களே அதன் வரலாறும் எழுதினால் அதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளலாமா என்பதுதான் சண்டையின் மையம். 2000-ல் அமெரிக்காவின் 10-வது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் தந்த தீர்ப்பைச் சிலர் முடிவான சாட்சியாகக் காட்டுவதுண்டு. அந்த மேல்முறையீடு லெவிட்ரான் என்ற பெயர் வணிகக் குறியா, எல்லோருக்கும் பொதுவான சொல்லா என்பதைப் பற்றியது. பெயர் யாருக்குச் சொந்தம் என்பது வேறு, முதலில் மிதக்க வைத்தது யார் என்பது வேறு. காப்புரிமை ஆவணங்களில் தேதியும் படமும் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். ஹோன்ஸ் குடும்பத்தின் உழைப்பு இல்லாவிட்டால் இந்தப் பம்பரம் என் மேசைக்கு வந்திருக்காது, அதை மனதார ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் 1983 என்பது 1995-க்கு முந்தியது. எந்தக் கட்டுரையிலும் ஹாரிகன் பெயர் முதல் பத்தியில் வர வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சரி, வாங்குபவர்களுக்கு. சுழலாமலேயே மிதக்கும் பூகோள உருண்டைகள், செடித்தொட்டிகள் இந்த வகை இல்லை, அவற்றுக்குள் மின்காந்தமும் உணரியும் இருக்கும், பிளக்கைப் பிடுங்கினால் விழுந்துவிடும். தட்டின் மேல் விரலால் சுழற்ற வரவில்லையென்றால் சின்ன மோட்டார் வைத்த சுழற்றி கிடைக்கிறது, அதை வாங்குவதில் தவறில்லை. மேசையைச் சுற்றித் தடித்த துணி விரித்துக்கொள்ளுங்கள், பெர்ரைட் காந்தம் கெட்டித் தரையில் விழுந்தால் ஓரம் உடைந்துவிடும், உடைந்த பம்பரத்தின் சமநிலையைத் திரும்பக் கொண்டுவருவது பெரும்பாடு. வாஷர்கள் சிறு குழந்தைகள் வாயில் போடும் அளவு, இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் பக்கத்தில் வரக்கூடாது. எந்த வெப்பத்தில் எத்தனை வாஷர் என்று மிதக்கும் ஒவ்வொரு முறையும் எழுதி வையுங்கள், ஒரு மாதத்தில் கை தானாகவே சரியான எடையை எடுக்கும். நான் பெட்டி மூடியின் உள்பக்கத்தில் பென்சிலால் எழுதி வருகிறேன், அந்தப் பட்டியலுக்கு மேலே ஹாரிகனின் பெயரும் காப்புரிமை எண்ணும் இருக்கின்றன.