மாதா மாதம் பச்சை ரிப்போர்ட் வருகிறதா? இதையெல்லாம் ஒருமுறை திறந்து பாருங்கள்

மெய்நிகர் சர்வர்களை (விஎம்) ஓட்டும் நான்கு நிஜ சர்வர்கள், அதாவது நான்கு ஹோஸ்ட் கொண்ட விஎம்வேர் கிளஸ்டர். ஹோஸ்டுக்கு 32 கோர், 512 ஜிபி மெமரி. பராமரிப்பு முழுவதும் வெளி ஒப்பந்ததாரர் கையில். மாதா மாதம் வந்த அறிக்கையில் எல்லாக் கட்டமும் பச்சை. மெமரி பழுதில் ஒரு ஹோஸ்ட் ஊதாத் திரை காட்டி நின்றபோதுதான் அந்தப் பச்சை எப்படி வந்தது என்று தெரிந்தது. எச்சரிக்கை விளக்கின் கம்பியைப் பிடுங்கிவிட்டு, "விளக்கு எரியவில்லை, ஆகவே பிரச்சினை இல்லை" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம், செய்த வேலைகள் மட்டும் போதும். உங்கள் இடத்திலும் இதே கைவரிசை நடந்திருக்கிறதா என்று ரீட்-ஒன்லி லாகினை வைத்தே அரை நாளில் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் ஹெச்ஏ, அதாவது ஒரு ஹோஸ்ட் விழுந்தால் அதன் விஎம்களை மற்ற ஹோஸ்டுகளில் தானாக எழுப்பும் வசதி. நான்கு ஹோஸ்டுக்கும் சேர்த்து 2,048 ஜிபி. ஓடிக்கொண்டிருந்த விஎம்கள் பிடித்து வைத்திருந்தது சுமார் 1,700. ஒரு ஹோஸ்ட் போனால் மிஞ்சுவது 1,536. கூட்டல் கழித்தல் தெரிந்த யாருக்கும் இது பொருந்தாது என்று புரியும். ஆனாலும் விஎம்கள் எல்லாம் மற்ற மூன்று ஹோஸ்டுகளிலும் எழுந்துவிட்டன, ஏனென்றால் விஎம்மை எழுப்பும்போது ஹெச்ஏ பார்ப்பது ரிசர்வேஷனை (விஎம்முக்கு உறுதியாக ஒதுக்கிய மெமரி) மட்டுமே. ஒரு ஹோஸ்ட் விழுந்தாலும் தாங்கும் இடத்தை முன்கூட்டியே ஒதுக்கி வைத்து, அதற்கு மேல் விஎம்களை ஆன் செய்ய விடாத அட்மிஷன் கண்ட்ரோலோ அணைக்கப்பட்டிருந்தது. எழுந்த பிறகு பலூனிங் (விஎம்களிடமிருந்து மெமரியைத் திரும்பப் பிடுங்குவது), அதன் பிறகு டிஸ்க்கில் ஸ்வாப் (மெமரியில் இருந்ததை டிஸ்க்குக்குத் தள்ளுவது). மெமரியில் நானோ நொடிகளில் முடிய வேண்டிய வேலை மில்லி நொடிக் கணக்குக்குப் போனால், சர்வர் இருந்தும் இல்லாத மாதிரிதான். "எல்லாமே பவர் ஆன் ஆகியிருக்கிறதே, ஹெச்ஏ வேலை செய்திருக்கிறது" என்பது ஒப்பந்ததாரரின் பதில்.

எல்லா ஹோஸ்டுகளையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் விசென்டரில் கிளஸ்டர், கான்ஃபிகர், விஸ்பியர் அவைலபிலிட்டி, எடிட் என்று போய் அட்மிஷன் கண்ட்ரோல் பகுதியைப் பாருங்கள். அது ஆன் என்று இருந்தாலும் நிம்மதி அடைய வேண்டாம். சதவீத முறை கணக்கில் எடுப்பது ரிசர்வேஷனைத்தான், விஎம் உண்மையில் தின்னும் மெமரியை அல்ல. எந்த விஎம்முக்கும் ரிசர்வேஷன் வைக்கவில்லை என்றால், 25% ஒதுக்கியிருக்கிறோம் என்பது ஏறக்குறைய காகிதப் பாதுகாப்பு. அதே பக்கத்தில் கீழே, ஹோஸ்ட் போன பிறகு விஎம்கள் எவ்வளவு செயல்திறன் இழப்பைத் தாங்கலாம் என்று ஒரு சதவீதக் கட்டம் இருக்கும். இயல்பாக அதில் 100 இருக்கும். 100 என்றால் எவ்வளவு மோசமானாலும் எச்சரிக்காதே என்று அர்த்தம். அதை 0 ஆக்கினால் உண்மையான பயன்பாட்டை வைத்து எச்சரிக்கும், ஆனால் ஹோஸ்டுகளுக்கிடையே சுமையைப் பகிரும் டிஆர்எஸ் ஆன் ஆகியிருக்க வேண்டும். எங்கள் கிளஸ்டரில் இதை மாற்றிய உடனே மஞ்சள் பட்டை வந்தது.

அடுத்து அதே திரையில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ். டாஸ்.இக்னோர் (das.ignore) என்று தொடங்கும் வரி ஏதாவது இருந்தால் அதுதான் பிடுங்கிய கம்பி. மேனேஜ்மென்ட் நெட்வொர்க்குக்கு மாற்றுப் பாதை இல்லை என்ற எச்சரிக்கையை ஒரு வரி மறைக்கும். ஹோஸ்ட் உயிரோடு இருக்கிறதா என்று சரிபார்க்க உதவும் ஹார்ட்பீட் டேட்டாஸ்டோர் (டேட்டாஸ்டோர் என்பது விஎம் கோப்புகள் இருக்கும் சேமிப்பிடம்) இரண்டுக்குக் குறைவு என்ற எச்சரிக்கையை இன்னொன்று மறைக்கும். சோதனைக் கூடத்தில் இவற்றுக்கு நியாயம் உண்டு. உற்பத்திச் சூழலில் எழுத்துப்பூர்வமான காரணம் இல்லாமல் இருக்கவே கூடாது. எங்களுக்கு இரண்டும் ட்ரூ.

முதல் எச்சரிக்கை ஏன் வந்தது என்று தேடினால் கதை ரேக்கின் பின்புறம் போகிறது. இரண்டு கேபிள் இருந்தது உண்மை. இரண்டும் ஒரே கார்டிலிருந்து கிளம்பி ஒரே சுவிட்சில் முடிந்தன. நெட்வொர்க் படத்தில் மட்டும் இரண்டு சுவிட்ச். இதைப் பார்க்க டேட்டா சென்டருக்குப் போக வேண்டியதில்லை. ஹோஸ்டின் பிசிகல் அடாப்டர் பட்டியலில் பிசிஐ முகவரியைப் பாருங்கள். கடைசிப் புள்ளிக்குப் பின் வரும் எண் மட்டும் 0, 1 என்று மாறி, மற்றதெல்லாம் ஒன்றாக இருந்தால் அது ஒரே கார்டின் இரண்டு போர்ட். சுவிட்சின் பெயரை சிடிபி (சிஸ்கோ சுவிட்ச் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் நெறிமுறை) தகவல் காட்டும். சுவிட்ச் அதே வேலையைச் செய்யும் பொது நெறிமுறையான எல்எல்டிபி மட்டும் பேசினால் சாதாரண விசுவிட்சில் (ஹோஸ்டுக்குள் இருக்கும் மெய்நிகர் சுவிட்ச்) ஒன்றும் தெரியாது, டிஸ்ட்ரிபியூட்டட் சுவிட்ச் வேண்டும்.

அலாரம் விஷயத்துக்கு வருவோம். விசென்டரில் டேட்டாஸ்டோர் 75% நிரம்பினால் மஞ்சள், 85% நிரம்பினால் சிவப்பு என்பது இயல்பான அமைப்பு. அலாரம் டெஃபினிஷன்ஸ் பட்டியலில் எது டிசேபிள் ஆகியிருக்கிறது, எந்த எல்லை மாற்றப்பட்டிருக்கிறது என்று வரிசையாகப் பாருங்கள். எழுந்த அலாரத்தின் மேல் ரைட் கிளிக் செய்தால் ரீசெட் டு கிரீன் என்றே ஒரு மெனு உண்டு. அறிக்கை எடுப்பதற்கு முன் அதை அழுத்தினால் முடிந்தது. ஆனால் அது ஈவென்ட்ஸில் மேனுவலி கிளியர்டு என்று பதிவாகும். அறிக்கை தேதிக்கு முந்தைய நாளில் இந்தச் சொல்லைத் தேடிப் பாருங்கள், சுவாரசியமாக இருக்கும்.

அப்படி அழுத்தி மறைக்கப்பட்டவற்றில் பெரியது ஸ்னாப்ஷாட், அதாவது திரும்பிப் போக வசதியாக விஎம்மின் அந்த நேர நிலையைப் பிடித்து வைப்பது. பேட்ச் போடுவதற்கு முன் எடுத்து, பிறகு மறந்துபோனவை. ஒரு ஸ்னாப்ஷாட்டை 72 மணி நேரத்துக்கு மேல் வைக்காதே, சங்கிலியில் 2, 3-க்கு மேல் போகாதே என்பது விஎம்வேரின் பரிந்துரை. உச்ச வரம்பு 32. நாங்கள் பார்த்த சில, பல மாதம் பழையவை. எடுத்த நாளிலிருந்து எழுதுவதெல்லாம் டெல்டா கோப்புக்குப் போகும். அது மூல டிஸ்க்கின் அளவுக்கே வளரலாம். எழுத எழுத இடம் பிடிக்கும் தின் டிஸ்க்குகளும் அதே டேட்டாஸ்டோரில் இருந்தால் ஒருநாள் இடம் தீரும், எழுத இடம் கேட்ட விஎம்கள் அப்படியே உறைந்து நிற்கும்.

ஸ்னாப்ஷாட் மேனேஜரில் ஒன்றும் இல்லை என்று காட்டினாலும் நம்ப வேண்டாம். பேக்கப் மென்பொருள் பாதியில் விட்டவை அங்கே தெரியாமல் போகும். விஎம்மின் எடிட் செட்டிங்ஸில் டிஸ்க் கோப்பின் பெயர் 000001 போன்ற எண்ணோடு முடிந்தால் அது டெல்டாவில்தான் ஓடுகிறது. மொத்தமாகப் பார்க்க ஆர்விடூல்ஸ் என்ற கருவி போதும், அதன் விஸ்னாப்ஷாட், விஹெல்த் தாள்களை எக்செல்லில் எடுத்துக்கொள்ளுங்கள். அதிகாரப்பூர்வ தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள், போலி இன்ஸ்டாலர்கள் உலவுகின்றன. பெரிய ஸ்னாப்ஷாட்டை நீக்கும்போது வேலை குறைந்த நேரத்தில், ஒரு நேரத்துக்கு ஒரு விஎம் என்று செய்யுங்கள். 99 சதவீதத்தில் மணிக்கணக்காக நிற்கலாம். பயந்துபோய் ஹோஸ்டை ரீபூட் செய்யாதீர்கள்.

பேக்கப்பில் நடந்தது இன்னும் மோசம். தினமும் வெற்றி என்று மெயில் வந்தது. டேட்டாபேஸ் விஎம்மின் டேட்டா டிஸ்க் மட்டும் அதில் இல்லை. காரணம், அந்த டிஸ்க் இண்டிபென்டன்ட் முறையில் இருந்தது. இண்டிபென்டன்ட் டிஸ்க்கும் பிசிகல் ஆர்டிஎம்மும் (ஸ்டோரேஜ் டிஸ்க்கை நேரடியாக விஎம்முக்குக் கொடுக்கும் முறை) ஸ்னாப்ஷாட்டில் சேராது, ஆகவே ஸ்னாப்ஷாட்டை நம்பிய பேக்கப் அவற்றைத் தாண்டிப் போய்விடும். சி டிரைவ் பத்திரமாக இருந்தது என்று ஆறுதல் பட்டுக்கொள்ளலாம். விஎம்மில் எத்தனை டிஸ்க், பேக்கப்பில் எத்தனை டிஸ்க் என்று எண்ணிப் பாருங்கள். பிறகு தனி நெட்வொர்க்கில் ரீஸ்டோர் செய்து, டேட்டாபேஸ் திறக்கிறதா, கடைசிப் பதிவின் நேரம் என்ன என்று பாருங்கள். மெயிலை ஆதாரமாக ஏற்காதீர்கள்.

"சிபியு 40 சதவீதம்தான், இடம் தாராளம்" என்பது இன்னொரு பல்லவி. 128 கோரை, ஒரு கோரை இரண்டாகக் காட்டும் ஹைப்பர்த்ரெடிங் கணக்கில் 256 சிபியு என்று காட்டி, அதை நம்பிக் கேட்டவருக்கெல்லாம் 16 விசிபியு (மெய்நிகர் சிபியு) கொடுத்திருந்தார்கள். பார்க்க வேண்டிய எண் சிபியு ரெடி, அதாவது விஎம் வேலைக்குத் தயாராக இருந்தும் கோர் கிடைக்காமல் காத்திருந்த நேரம். ரியல் டைம் வரைபடத்தில் ஒவ்வொரு புள்ளியும் 20 நொடி, அதாவது 20,000 மில்லி நொடி. விசிபியு ஒன்றுக்கு 1,000 மில்லி நொடி வந்தால் 5%. அதற்கு மேல் போனால் பயனர் உணர ஆரம்பிப்பார். விஎம் மொத்தத்துக்கான எண்ணை விசிபியு எண்ணிக்கையால் வகுக்க மறக்காதீர்கள். அறிக்கையில் எப்போதும் மாத வரைபடம் இருந்ததற்கும் காரணம் உண்டு. அதில் ஒரு புள்ளி 2 மணி நேர சராசரி, காலை பத்து நிமிட நெரிசல் அதில் கரைந்துபோகும்.

ஹோஸ்ட் 900 நாள் நிற்காமல் ஓடுகிறது என்று ஒரு பெருமை வேறு. ஹோஸ்டில் ஓடும் ஈஎஸ்எக்ஸ்ஐ மென்பொருளின் பேட்ச் பெரும்பாலும் ரீபூட் கேட்கும், ஆகவே 900 நாள் என்றால் 900 நாளாகப் பேட்ச் இல்லை. போட முடியாததற்குக் காரணமும் மேலே சொன்ன மெமரிக் கணக்குதான். ஒரு ஹோஸ்டைக் காலி செய்ய மற்ற மூன்றில் இடம் இல்லை. 2023 பிப்ரவரியில் ஈஎஸ்எக்ஸ்ஐஆர்க்ஸ் ரான்சம்வேர் பரவியபோது பேசப்பட்ட, ஈஎஸ்எக்ஸ்ஐயின் ஓபன்எஸ்எல்பி சேவையில் இருந்த ஓட்டைக்கு 2021 பிப்ரவரியிலேயே பேட்ச் வந்திருந்தது. ஈஎஸ்எக்ஸ்ஐயும் விசென்டரும் அடங்கிய தொகுப்பான விஸ்பியர் 7-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 2-இல் முடிந்துவிட்டது. ஹோஸ்டின் சம்மரி பக்கத்தில் பில்ட் எண்ணும் அப்டைமும் இருக்கும், இரண்டையும் எழுதி வாங்குங்கள்.

சண்டை போடும் முன் ஆதாரத்தை எடுத்துவிடுங்கள். விசென்டர் டாஸ்க், ஈவென்ட் பதிவுகளை இயல்பாக 30 நாள்தான் வைத்திருக்கும். எஸ்டி கார்டில் பூட் ஆகும் ஹோஸ்டில் லாக் தனி டிஸ்க்குக்கோ, லாக் சேகரிக்கும் சிஸ்லாக் சர்வருக்கோ போகவில்லை என்றால் ரீபூட்டோடு அழிந்துவிடும். எல்லா ஊழியரும் ஒரே அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கில் நுழைந்திருந்தால் யார் அழுத்தினார்கள் என்று நிரூபிக்க முடியாது. எங்களுக்கு அதுதான் நடந்தது, அபராதம் கேட்க வழியில்லாமல் போனது.

ஒப்பந்தத்தை முறிக்கும் நாளில் மாற்ற வேண்டியவை: விசென்டரில் நுழையும் எஸ்எஸ்ஓ அட்மின் கடவுச்சொல், ஒவ்வொரு ஹோஸ்டின் ரூட், சர்வர் வன்பொருளைத் தொலைவிலிருந்து இயக்கும் ஐட்ராக் அல்லது ஐஎல்ஓ கணக்குகள், ஸ்டோரேஜ் அட்மின், பேக்கப் மென்பொருளின் சர்வீஸ் கணக்கு, பேக்கப் என்கிரிப்ஷன் கடவுச்சொல். கடைசியாகச் சொன்னதை அவர்கள் வாயால் வாங்கி, ஒரு ரீஸ்டோரும் செய்து பார்த்த பிறகே கடிதம் கொடுங்கள். லைசென்ஸும் சப்போர்ட் உரிமையும் யார் பெயரில் பதிவாகியிருக்கின்றன என்பதையும் அதற்கு முன்பே பாருங்கள். அவர்கள் பெயரில் இருந்தால் பேட்ச் இறக்குவதற்குக்கூட அவர்களிடமே போய் நிற்க வேண்டும்.