‘ஒரிஜினல் லெதர்’ என்று இரண்டு பை வாங்கினேன், ஒன்று பீரோவுக்குள்ளேயே உரிந்துபோனது

தாம்பரத்தில் இருந்து நுங்கம்பாக்கத்துக்குத் தினமும் மின்சார ரயிலில் போய் வருகிறவன் நான். லேப்டாப், அதன் சார்ஜர், இரண்டு அடுக்கு டிபன் பாக்ஸ், ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், குடை, மாத்திரை டப்பா. இவ்வளவும் என் தோளில்தான் தொங்கும். ஒருநாள் வீட்டுத் தராசில் வைத்துப் பார்த்தேன், நாலே முக்கால் கிலோ இருந்தது. இந்தப் பாரத்தைச் சுமக்க ஒரு நல்ல பை வேண்டும், நாலைந்து வருடம் உழைக்க வேண்டும், அதனால் தோல் பையாகவே வாங்கிவிடலாம் என்று போன வருடம் முடிவு செய்தேன். அதே சமயத்தில் என் மனைவியின் தம்பிக்குக் கோயம்புத்தூரில் புது வேலை கிடைத்திருந்தது. அவனுக்கும் ஒன்று வாங்கிக் கொடுப்போம் என்று பாரிமுனைப் பக்கம் ஒரு கடைக்குப் போனேன்.

கடையின் பெயரை எழுதப் போவதில்லை. அந்தக் கடையில் நடந்தது வேறு பல கடைகளிலும் நடக்கக்கூடியதுதான். எப்படி நடந்தது என்று தெரிந்தால் நீங்கள் தப்பித்துக்கொள்ளலாம்.

கடைக்காரர் கறுப்பு நிறத்தில் ஒரு சைடு பேக்கை எடுத்துப் போட்டார். மாட்டுத்தோல் வடிவத்தில் வெட்டிய அட்டை ஒன்று அதில் தொங்கியது. மூடியின் உள்பக்கம் ‘ஜென்யூன் லெதர்’ என்று அழுத்திய முத்திரை. “மோந்து பாருங்க சார்” என்றார். தோல் வாசனை நன்றாகவே வந்தது. அப்புறம் சட்டைப் பையில் இருந்து லைட்டரை எடுத்துப் பற்றவைத்து, பையின் மேல் ஒரு தடவை இப்படியும் அப்படியும் காட்டினார். “பாருங்க, பொசுங்குதா? ரெக்சினா இருந்தா இந்நேரம் ஓட்டை விழுந்திருக்கும்.” பொசுங்கவில்லை. நான் நம்பிவிட்டேன்.

ஒரு பை 5,500 ரூபாய் என்றார். பேசிப் பேசி இரண்டும் சேர்த்து 7,000க்கு வந்தது. “பில் போட்டா வரி சேரும் சார், எஸ்டிமேட் போட்டுத் தரேன், ஒரு வருஷம் கேரண்டி, என்ன ஆனாலும் இங்கே கொண்டு வாங்க” என்றார். வெள்ளைத் தாளில் ‘பேக் 2’ என்றும் தொகையும் மட்டும் எழுதிய ஒரு சீட்டு. கடையின் பெயர் இல்லை, முத்திரை இல்லை. கல்லாவில் இருந்த கியூஆர் அட்டையில் பணம் அனுப்பினேன். திரையில் வந்தது ஒரு தனி ஆளின் பெயர். அப்போது அதைக் கவனித்தேன், ஆனால் கேட்கவில்லை. வரி மிச்சம் என்று சந்தோஷப்பட்டது என் தவறு. அதன் விலை என்ன என்று பின்னால்தான் தெரிந்தது.

ஒன்பதாவது மாதம் மாம்பலத்தில் கூட்டத்தோடு இறங்கும்போது தோளில் பாரம் சட்டென்று குறைந்தது. பை பிளாட்பாரத்தில் கிடந்தது. வாரை மாட்டும் வளையம் விரிந்துபோயிருந்தது. அது வளையமே அல்ல, கம்பியை டி வடிவத்தில் வளைத்து இரண்டு நுனியையும் சேர்த்து வைத்ததுதான். பற்றவைக்கவில்லை. இடைவெளியில் என் சுண்டுவிரல் நகம் நுழைந்தது. லேப்டாப்பின் மூலை நசுங்கியது, திரைக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு அடி தள்ளி விழுந்திருந்தால் தண்டவாளத்தில் போயிருக்கும்.

அன்று மாலையே ஸ்டேஷன் வாசலில் செருப்பு தைக்கும் பெரியவரிடம் கொண்டுபோனேன். பழைய வளையத்தைக் கழற்றிவிட்டுப் பற்றவைத்த கனமான வளையம் போட்டார். தைக்கும்போது ஓரத்தைத் தொட்டுப் பார்த்தவர், “இதை என்னன்னு சொல்லி வாங்கினே தம்பி?” என்று கேட்டார். தோல் என்றேன். அவர் ஒன்றும் பேசாமல், கத்தி முனையால் ஓரத்தில் பூசியிருந்த கறுப்புப் பெயின்ட்டை ஒரு அங்குல நீளத்துக்குச் சுரண்டினார். உள்ளே மூன்று அடுக்கு தெரிந்தது. மேலே மெல்லிசாக ஒரு பிளாஸ்டிக் ஏடு, நடுவில் ஊறிய அட்டை மாதிரி பழுப்பாக ஒன்று, அடியில் நெய்த துணி. பிறகு தன் பெட்டியில் இருந்து ஒரு துண்டுத் தோலை எடுத்து அதன் ஓரத்தைப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அதில் அடுக்கே இல்லை. மேலிருந்து கீழ்வரை ஒரே நார், வேர் பின்னிக்கொண்ட மாதிரி. “தோலுக்கு நடுவுல துணி எங்கிருந்து வரும்?” என்றார். வளையத்துக்கு நாற்பது ரூபாய் வாங்கிக்கொண்டார், இந்தப் பாடத்துக்குக் காசு வாங்கவில்லை.

நான் வாங்கியது ‘பாண்டட் லெதர்’ எனப்படும் சரக்கு. தோல் தொழிற்சாலையில் மிஞ்சும் சீவலையும் தூளையும் பசையோடு கலந்து தகடாக அழுத்தி, அடியில் துணி ஒட்டி, மேலே பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கைப் பூசி, தோலின் வரிகளை அச்சுப்போல் அழுத்தி எடுப்பது. அதில் தோல் தூள் இருப்பதால் ‘லெதர்’ என்று வாய்கூசாமல் சொல்லிவிடுகிறார்கள். பொசுக்கிப் பார்த்தாலும் நிஜத் தோல் போலவே தூளில் இருந்து முடி கருகும் வாடை கொஞ்சம் வரும். அரை விநாடி லைட்டர் காட்டினால் எந்தப் பூச்சும் பொசுங்காது, சூடு ஏறுவதற்குள் தீ நகர்ந்துவிடுகிறது. வாசனையைத் தெளித்தே கொண்டுவரலாம். கடைக்காரர் எனக்குக் காட்டிய இரண்டு சோதனையும் எதையுமே சோதிக்காதவை.

பதினோராவது மாதம் மூடியின் மடிப்பில் பொருக்கு விட ஆரம்பித்தது. நான்தான் கரடுமுரடாகப் பயன்படுத்திவிட்டேனோ, மழையில் நனைந்ததாலோ என்று என்னையே நொந்துகொண்டேன். அடுத்த மூன்று மாதத்தில் மச்சான் போன் செய்தான். குரலில் ஒரு தயக்கம். “மாமா, தப்பா நினைச்சுக்காதீங்க. நீங்க குடுத்த பை...” என்று இழுத்தான்.

அவன் அந்தப் பையை ஒருநாள்கூட வெளியே எடுத்துப் போகவில்லை. மாமா ஆசையாகக் கொடுத்தது, விசேஷத்துக்கு எடுப்போம் என்று பட்டு வேட்டிக்கும் வெள்ளைச் சட்டைக்கும் பக்கத்தில் பீரோவில் வைத்திருக்கிறான். நண்பன் கல்யாணத்துக்குக் கிளம்ப பீரோவைத் திறந்தால், பை தொட்ட இடமெல்லாம் கறுப்புச் செதில். சட்டையின் தோளில் பெரிய கறை, துவைத்தும் போகவில்லை. பையைக் கையில் எடுத்ததும் பூச்சு ஏடு ஏடாகக் கையோடு வந்திருக்கிறது. அன்பாக வாங்கிக் கொடுத்த பொருள் இப்படி ஆனதும், அதை என்னிடம் சொல்லவே அவன் அவ்வளவு தயங்கியதும்தான் என்னைக் கடைக்குத் திரும்பவும் போகவைத்தன.

பாலியூரித்தேன் பூச்சு உபயோகித்தால்தான் கெடும் என்பதில்லை. காற்றில் இருக்கும் ஈரமே அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைக்கும். உங்கள் வீட்டு ரெக்சின் சோபாவும் ஷூவும் சும்மா இருந்தே உரிவது இதனால்தான். நம் ஊர் ஈரக்காற்றில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

இரண்டு பையையும் கொண்டுபோய் மேஜையில் வைத்தேன். என் பையைப் பார்த்து “மழையில நனைச்சிருப்பீங்க சார்” என்றார். மச்சானின் பையைக் காட்டி, இது பீரோவை விட்டு வெளியே வராதது என்றேன். “காத்தோட்டம் இல்லாம பூட்டி வெச்சா லெதர் அப்படித்தான் சார் ஆகும்.” சீட்டை நீட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, “இது எங்க பில்லே இல்லையே, இதுல எங்க கடை பேர் எங்கே இருக்கு?” என்றார். பணம் போன பெயரைக் காட்டினேன். அந்தப் பையன் வேலையை விட்டுப் போய்விட்டானாம். பின்சுவரில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்ற பலகை தொங்கியது.

அந்தப் பலகையைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பதும் அப்படியே. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் சொல்லலாம். அது தீர்க்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். ஆனால் கையில் ஒரு பில் இருந்தால்தான் இதெல்லாம் சுலபம். என் கையில் இருந்த சீட்டை வைத்து, எந்தக் கடையில் வாங்கினேன் என்பதில் இருந்தே நிரூபிக்க வேண்டியிருக்கிறது. புகார் கொடுத்திருக்கிறேன், பணம் வரும் என்ற நம்பிக்கை எனக்குக் குறைவு.

பெரியவர் காட்டியதற்கு அப்புறம் கடைகளில் ஏறி இறங்கிப் பல பைகளைப் புரட்டிப் பார்த்துவிட்டேன். ஓரத்தைப் பெயின்ட் பூசியோ மடித்துத் தைத்தோ மறைத்திருப்பார்கள். ஆனால் வாரின் நீளத்தைக் கூட்டிக் குறைக்கத் துளை போட்டிருப்பார்கள் இல்லையா, அந்தத் துளையின் உள்சுவருக்குப் பெரும்பாலும் யாரும் பெயின்ட் அடிப்பதில்லை. செல்போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள், துணி அடுக்கு இருந்தால் தெரியும். வார் மட்டும் நல்ல தோலாகவும் உடம்பு வேறாகவும் இருக்கலாம், அதனால் பையின் உள்பாக்கெட் விளிம்பையும் ஒரு தடவை பாருங்கள். மேல்பரப்பில் வரிகள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வந்தால் அது அச்சு. நிஜத் தோலில் மயிர்க்கால்கள் ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் விலகியும் இருக்கும், சின்னத் தழும்புகூட இருக்கும்.

அதைவிட முக்கியம் வளையம். பாரம் முழுவதும் அங்கேதான் தொங்குகிறது. விரலால் சுற்றிவரத் தடவுங்கள், இடைவெளி தட்டுப்பட்டால் அந்தப் பை வேண்டாம். வளையத்தைப் பிடிக்கும் பட்டை ஒரே வரித் தையலில் நிற்கிறதா, பெட்டி போல் நாலு பக்கமும் தைத்து நடுவில் குறுக்காகவும் தைத்திருக்கிறதா என்று பாருங்கள். நான் கடையிலேயே தண்ணீர் பாட்டிலையும் லேப்டாப்பையும் உள்ளே போட்டுத் தோளில் மாட்டிக் குலுக்கிப் பார்க்கிறேன். முகம் சுளிக்கிற கடையில் வாங்குவதில்லை.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தோலுக்கே பேர்போன ஊர்கள் நம்மிடம் இருக்கின்றன. ஆவாரம்பட்டையில் தோல் பதனிட்ட நாடு இது. 1948ல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் அடையாற்றில் இருக்கிறது. அங்கிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் நின்றுகொண்டு அட்டையைத் தோல் என்று விற்கிறார்களே என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை.

இப்போது நான் தூக்குவது கெட்டியான கான்வாஸ் பை, முதுகில் இரண்டு வார் போட்டு மாட்டுவது. 1,450 ரூபாய், பில்லோடு. பாரம் இரண்டு தோளுக்கும் பிரிவதால் வலி குறைந்திருக்கிறது. மச்சானுக்கு வெள்ளைச் சட்டை ஒன்று எடுத்து அனுப்பினேன், பை வேண்டாம் மாமா என்று சொல்லிவிட்டான்.

உங்கள் வீட்டிலும் இதுபோல் வாங்கி, நல்ல நாளுக்கு என்று பீரோவில் எடுத்துவைத்த பை இருந்தால் இன்றைக்கே வெளியே எடுங்கள். முதலில் பக்கத்தில் இருக்கும் வெள்ளைத் துணிகளை நகர்த்திவிட்டு அப்புறம் பையைத் தொடுங்கள்.