செங்கோட்டையில் தமிழில் ஒரு கோர்ட் மார்ஷல் வாக்: போகலாம், வெயிலில் வேண்டாம்

டெல்லித் தமிழர் வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றிய அந்த ஞாயிற்றுக்கிழமை ஹெரிடேஜ் வாக்குக்கு மச்சானோடு போயிருந்தேன். முழுக்கத் தமிழில், ஆளுக்கு 600 ரூபாய், கோட்டை டிக்கெட் தனி. மயிலாசனம், ஷாஜகான் பக்கமே போகவில்லை. கோர்ட் மார்ஷல் போன்ற ராணுவ நீதிமன்றங்கள் கொடுத்த மரண தண்டனைகளும் கொடுக்காமல் விட்டவையும்தான் விஷயம். சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

முதல் நிறுத்தம் திவானி காஸ் மண்டபம். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா ஜாஃபரை 1858-இல் ராணுவ கமிஷன் விசாரித்தது இங்கேதான். சரணடைந்தபோது ஆங்கிலேய அதிகாரி ஹாட்சன் உயிருக்கு வாக்குக் கொடுத்திருந்ததால் கிழவரை ரங்கூனுக்கு அனுப்பினார்கள்; இளவரசர்கள் மூவரை அதே ஹாட்சன் விசாரணை எதுவும் இல்லாமல் சுட்டுக் கொன்றிருந்தார். இந்தப் பகுதி சட்டென்று முடிந்துவிடுகிறது.

காசு செல்லுவது 1945-இல்தான். சுபாஷ் சந்திர போஸின் இந்திய தேசிய ராணுவ அதிகாரிகளான ஷா நவாஸ் கான், பிரேம் சேகல், குர்பக்ஷ் சிங் தில்லான் மூவர் மீதும் பிரிட்டிஷ் மன்னருக்கு எதிராகப் போர் தொடுத்த குற்றம்; அதற்கான தண்டனை மரணம் அல்லது ஆயுள் முழுக்க நாடு கடத்தல், அதற்குக் கீழே இறங்க வழியில்லை என்பதை வழிகாட்டி பொறுமையாக விளக்கினார். நாடு கடத்தல் என்று கோர்ட் சொல்லியும், தீர்ப்பை உறுதிசெய்ய வேண்டிய பிரிட்டிஷ் இந்தியப் படைத் தளபதி ஆக்கின்லெக் 1946 ஜனவரியில் அந்த நாடு கடத்தலைத் தள்ளுபடி செய்துவிட்டார். வெளியே நாடே கொந்தளித்துக்கொண்டிருந்தது, அவருக்கு வேறு வழியும் குறைவு. போஸ் படை வீரர்களில் சிலர் தப்பி பிரிட்டிஷ் பக்கம் போக முயன்றதாக 1945 மார்ச்சில் பர்மாவில் சுடப்பட்டார்கள், கொலை, கொலைக்கு உடந்தை என்ற குற்றச்சாட்டுகள் அதிலிருந்து வந்தவை, ஷா நவாஸ் உடந்தைக்காகக் குற்றவாளி என்றே தீர்ப்பானது. இதை வழிகாட்டி பூசி மெழுகாமல் சொன்னார். கூட வந்த மாமா ஒருவருக்கு முகம் சுருங்கிவிட்டது, எனக்கு இதற்காகவே 600 சரி என்று பட்டது.

குறை? மைக் கரகரத்தது, பின்வரிசைக்குப் பாதி கேட்கவில்லை. அதைவிட, தமிழர் கூட்டத்தை வைத்துக்கொண்டு வேலூர் சிப்பாய்க் கலகத்தை விட்டுவிட்டாரே! மச்சான்தான் "சார், 1806?" என்று இழுத்தான். ஆறு சிப்பாய்களை பீரங்கி வாயில் கட்டிச் சிதறடித்து, ஐந்து பேரைச் சுட்டு, எட்டு பேரைத் தூக்கிலிட்டதை அப்புறம்தான் அவசரமாகச் சொன்னார். அதை வாசலிலேயே ஆரம்பித்திருக்க வேண்டும்.

கடைசிக் கேள்வி நேரம் நன்றாக இருந்தது. பிரிட்டன் தன் ராணுவத்தில் 1998-இல் மரண தண்டனையை ஒழித்தது, முதல் உலகப் போரில் ஓடிப்போனதற்கும் கோழைத்தனத்துக்கும் இன்னும் சில குற்றங்களுக்கும் சுட்ட 306 பேருக்கு 2006-இல் மன்னிப்பும் கொடுத்தது. நம்முடைய 1950 ராணுவச் சட்டத்தில் மரண தண்டனை இன்றும் இருக்கிறது: கலகம், எதிரிக்கு உதவி, போர்ப்பணியில் ஓடிப்போவது. ஜெனரல் கோர்ட் மார்ஷலில் மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் ஒத்துக்கொள்ள வேண்டும், அவசரத்துக்குக் கூட்டும் சம்மரி ஜெனரல் கோர்ட் மார்ஷலில் எல்லோரும். தூக்கா, துப்பாக்கியா என்பதையும் கோர்ட்டே எழுத வேண்டுமாம்.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். திங்கட்கிழமை கோட்டை மூடல். தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு முன்வரிசையில் நின்றுகொள்ளுங்கள், வேலூரை நீங்களே கேளுங்கள்.