தனியாக ஓட்டினால் தேறும், வரிசையில் ஓட்டினால் விழும்: எந்த வழியில் பிடிப்பது?

இன்டெல் கிராஃபிக்ஸுக்கான ஐ915 என்ற லினக்ஸ் டிரைவரில், கிராஃபிக்ஸ் டிரைவர்களைச் சோதிக்கும் ஐஜிடி டெஸ்ட் தொகுப்பை ஓட்டுகிறீர்கள். பழைய கர்னலில் (லினக்ஸின் மையப் பகுதி) முழுப் பட்டியலும் தேறியது. புதியதில் ஒரு டெஸ்ட் விழுகிறது. அதையே தனியாக ஓட்டினால் தேறிவிடுகிறது. முன்னால் ஓடிய ஏதோ ஒரு டெஸ்ட் விட்டுச்சென்ற எச்சம் அதைக் கெடுத்திருக்கலாம். பிடிக்க மூன்று வழிகள்: கிட் பைசெக்ட் என்ற கருவியால் கமிட்டுகளை (பதிவான ஒவ்வொரு கோடு மாற்றம்) பாதி பாதியாகக் குறைத்துக் கெடுத்ததைத் தேடுவது, டெஸ்ட் பட்டியலைக் குறைப்பது, வன்பொருளின் நிலையை ஒப்பிடுவது. பலரும் முதலாவதில் தொடங்குகிறார்கள். இரண்டாவதை முடித்துவிட்டு அங்கே போவதுதான் மலிவு.

அதற்கும் முன்னால், "தனியாகத் தேறுகிறது" என்பதையே சந்தேகியுங்கள். மறு பூட் செய்துவிட்டு ஓட்டினீர்களா? கர்னல் தரும் வார்ன்_ஆன்_ஒன்ஸ் எச்சரிக்கை ஒரு பூட்டுக்கு ஒருமுறைதான் வரும். முதலில் அங்கே போய்ச் சேரும் டெஸ்டின் தலையில் பழி விழும், அதே பூட்டில் மறுபடி ஓட்டினால் சத்தமே இருக்காது. பிழை தேடுவதற்கான கர்னல் கோப்புகள் இருக்கும் டீபக்எஃப்எஸ்ஸில் உள்ள கிளியர்_வார்ன்_ஒன்ஸ் கோப்பில் 1 எழுதினால் அது மீண்டும் வரும். பூட்டுகளின் (லாக்) வரிசைப் பிழையைப் பிடிக்கும் லாக்டெப்பும் முதல் புகாரோடு தன்னை அணைத்துக்கொள்ளும். நினைவகப் பிழையைப் பிடிக்கும் கேசானும் இயல்பாக முதல் பிழையை மட்டுமே சொல்லும். மற்றவையும் வேண்டுமென்றால் பூட் வரியில் (கர்னல் தொடங்கும்போது தரும் அமைப்புகள்) கேசான்_மல்ட்டி_ஷாட் சேர்க்க வேண்டும்.

பட்டியலைக் குறைப்பதில் கர்னலை மறுபடி பில்ட் செய்யும் (மூலக் கோடிலிருந்து உருவாக்கும்) வேலை இல்லை. விழும் டெஸ்டைக் கடைசியில் வைத்து, அதற்கு முந்தைய 200 டெஸ்டுகளைப் பாதியாக்கிக்கொண்டே போனால் 8 சுற்றில் குற்றவாளி கிடைக்கும். வரிசையை மாற்றக் கூடாது, ஒவ்வொரு சுற்றும் புது பூட்டில் தொடங்க வேண்டும். இரண்டு பாதியிலும் தேறினால், இரு டெஸ்டுகள் சேர்ந்து கெடுக்கின்றன என்று பொருள். அப்போது பாதியை வைத்துக்கொள்ளாமல், கால் பங்கை மட்டும் நீக்கி மீதியை ஓட்டிப் பாருங்கள். நடுவில் இயந்திரத்தை உறங்க வைக்கும் சஸ்பெண்ட் டெஸ்டோ டிரைவரை மறுபடி ஏற்றும் டெஸ்டோ இருந்தால் அது முந்தைய டெஸ்ட் விட்ட எச்சத்தைத் துடைத்துவிடக்கூடும். அதை எடுத்தவுடன் பிழை அதிகமாக வந்தால் குழம்ப வேண்டாம்.

கிட் பைசெக்ட் 10,000 கமிட்டையும் 14 சுற்றில் முடிக்கும். ஆனால் முழுப் பட்டியலோடு ஓட்டினால் ஒவ்வொரு சுற்றும் மணிக்கணக்காகும். இரண்டே டெஸ்டுகளாகச் சுருங்கிய பிறகு பில்ட் நேரம்தான் செலவு. பிழை மூன்றில் ஒருமுறைதான் வருகிறது என்றால், 8 முறை ஓட்டியும் வராமல் போக ஏறக்குறைய 4% வாய்ப்பு உண்டு. அப்படி ஒருமுறை "நல்லது" என்று தவறாகக் குறித்தால் சம்பந்தமில்லாத கமிட்டில் போய் நிற்பீர்கள். பைசெக்டைத் தானாக நடத்தும் ஸ்கிரிப்ட் முடியும்போது திருப்பித்தரும் எண்களையும் கவனியுங்கள்: 125 என்றால் அந்தக் கமிட்டைத் தவிர், 127-க்கு மேல் என்றால் பைசெக்ட் நின்றுவிடும். டெஸ்ட் இயந்திரம் உறைந்து, அதோடு தொலைவிலிருந்து இணைக்கும் எஸ்எஸ்ஹெச் 255 தந்தால் நடப்பது இந்த இரண்டாவதுதான். நேரம் கடந்தால் டைம்அவுட் கட்டளை தரும் 124 இன்னும் ஆபத்து, சத்தமில்லாமல் "கெட்டது" என்று பதிவாகிவிடும். ஐஜிடியின் பதிப்பை மட்டும் கடைசிவரை மாற்றாதீர்கள்.

நிலையை ஒப்பிடும் வழி கமிட்டைக் காட்டாது, காரணத்தைக் காட்டும். கெடுக்கும் டெஸ்ட் முடிந்ததும் டிரைவரை இறக்கி ஏற்றுங்கள். பிழை போய்விட்டால் பெரும்பாலும் டிரைவரின் சொந்த நினைவகத்தில்தான் எச்சம். போகவில்லையா, பிசிஐ ரீசெட் (சாதனத்தை மட்டும் மீட்டமைப்பது) கொடுங்கள். அதற்கும் அசையாமல், மின்சாரத்தைத் துண்டித்தால் மட்டுமே போகிறது என்றால் ஃபர்ம்வேர் (வன்பொருளுக்குள் ஓடும் மென்பொருள்) பக்கம் பாருங்கள். ரிஜிஸ்டர்களை (வன்பொருளின் நிலையைக் காட்டும் சிறு நினைவிடங்கள்) டம்ப் எடுத்து ஒப்பிடும்போது, சாதனம் உறக்கத்தில் இருந்தால் எல்லாமே எஃப் எஃப் என்று வரும். அதைத் தவிர்க்க, சாதனம் உறங்காமல் இருக்கும்படி அதன் பவர்/கன்ட்ரோல் கோப்பில் "ஆன்" எழுதுவார்கள். பிழையே உறக்கத்திலிருந்து விழிக்கும் பாதையில் இருந்தால், அந்த ஒரு வரியே அதை மறைத்துவிடும்.